நான்கு குளிர்காலம், ஒரே ஜோடி ஸ்கின்: கிரேலாக் மலை அனுபவம்

லிஃப்ட் இல்லாத மலையில் பனிச்சறுக்கு போக வேண்டுமென்றால் முதலில் சொந்தக் காலில் ஏறியாக வேண்டும். அதற்காக ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்ளும் நீளப் பட்டைதான் ஸ்கின். அந்தக் காலத்தில் சீல் தோலில் செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். இப்போது நைலான், அல்லது அங்கோரா ஆட்டு ரோமமான மொஹேர், அல்லது இரண்டும் கலந்தது. ரோமம் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே தள்ளினால் வழுக்கிப் போகும், பின்னே சரிந்தால் பனியைக் கவ்விக்கொள்ளும். மாட்டின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்ப்பக்கம் தடவிப் பாருங்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் வாங்கியது கலப்பு ரகம். நான்கு குளிர்காலம் ஆயிற்று. பெரும்பாலும் போனது மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் இருக்கும் கிரேலாக் மலைக்கு. மாநிலத்தின் உயரமான சிகரம் இதுதான், ஆனாலும் 1,064 மீட்டர்தான். குளிர்காலத்தில் உச்சிக்குப் போகும் சாலையில் கார் விட மாட்டார்கள். ஆடம்ஸ் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் தண்டர்போல்ட் என்ற பாதை. பெருமந்த காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு நடத்திய சிசிசி முகாம்காரர்கள் 1934-ல் காட்டை வெட்டி அமைத்தது, அடுத்த ஆண்டே அதில் பந்தயமும் நடந்தது. ரெவியர் கடற்கரையிலிருந்த ரோலர்கோஸ்டரின் பெயரை இதற்கு வைத்தார்கள். 600 மீட்டருக்கு மேல் இறக்கம், பெயர் பொருத்தம்தான்.

முதல் முறை போனபோது பாதை எங்களுக்குப் புதிது. கீழே லேசாக உருகிய ஈரப்பனி. பீச் மரங்களில் காய்ந்த இலைகள் உதிராமல் வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே போகப் போக மரங்கள் மாறி ஸ்ப்ரூஸ் வந்தது, குளிரும் கூடியது. அங்கேதான் தொல்லை. ஈரத்தில் நனைந்த ஸ்கின் குளிர்ந்த தூள்பனியில் பட்டதும் பனி அப்பிக்கொள்ள ஆரம்பித்தது. மழை பெய்த கரிசல் காட்டில் செருப்போடு நடந்தவர்களுக்கு இது தெரியும்: பத்து அடியில் காலுக்கு ஒரு கிலோ கூடியதுபோல் கனக்கும். நின்று நின்று சுரண்டினோம். பெரிய மலைகளில் நாள் முழுக்க ஒரே மாதிரி குளிர்ந்த பனி கிடைக்கலாம். தாழ்ந்த மலையில் ஒரே ஏற்றத்தில் இரண்டு மூன்று விதப் பனியைக் கடக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் வீட்டிலேயே ஸ்கின்னுக்கு மெழுகு தேய்த்துவிடுகிறேன், பையிலும் ஒரு கட்டி எப்போதும் இருக்கும். தேய்த்த நாளில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கூட வந்த தம்பி இந்தப் பக்கக் காடுகளில் என்னைவிட அனுபவசாலி. "அண்ணா, ஏறும்போதே வாய்க்காலை எண்ணிட்டு வாங்க" என்றான். மழைநீர் வடியப் பாதைக்குக் குறுக்கே வெட்டிவிட்ட சின்ன வாய்க்கால்கள் அவை. ஒன்றரை மீட்டர் பனி இருந்தால் தெரியவே தெரியாது. முப்பது சென்டிமீட்டர் இருந்தால் மேலே மட்டும் மூடியிருக்கும், உள்ளே பள்ளம். நான் ஏழு எண்ணினேன். இறங்கும்போது ஐந்தாவதில் வேகத்தைக் குறைத்தேன், அப்படியும் ஸ்கீ முனை உள்ளே குத்தி விழுந்தேன். எண்ணாமல் வந்திருந்தால் முழங்கால் போயிருக்கும். தெரியாத பாதையில் இறங்கப்போகும் வழியிலேயே ஏறுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்கின் மாட்டி மெதுவாக ஏறும் அந்த ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அடிமரக்கட்டை, ஓடை, பாறை எல்லாம் கண்ணில் படும்.

மழை பெய்து உறைந்த நாட்களில் மட்டும் இந்த ஸ்கின் கைவிடும். கண்ணாடி மாதிரி இறுகிய மேற்பரப்பில் ரோமம் கவ்வ இடமே இல்லை. அப்படியொரு நாளில் செங்குத்தான இடத்தில் இருபது அடி பின்னால் சறுக்கிய பிறகு, ஸ்கீயில் மாட்டும் இரும்புப் பல் ஒரு ஜோடி வாங்கினேன். முழு நைலான் இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் சமதளத்தில் கலப்பு ரகம் வழுக்கிப் போகும் சுகத்தை விட எனக்கு மனமில்லை.

பசை மூன்றாவது குளிர்காலத்தில் போனது. தப்பு என்னுடையது, ஈரமாக இருக்கிறதே என்று ரேடியேட்டர் மேல் காயப்போட்டேன். அடுத்த வாரம் கடுங்குளிரில் வால்பக்கம் உரிந்து, இடையில் பனி புகுந்துவிட்டது. ரப்பர் ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டி ஒப்பேற்றினேன். பிறகு பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரிப்பெட்டியால் பழைய பசையை எடுத்துப் புதிதாகப் பூசினேன். ஒரு மாலை முழுக்க ஆனது, இன்றுவரை தாங்குகிறது. இப்போது நிழலில் கொடியில் போட்டுத்தான் உலர்த்துகிறேன்.

காலடி படும் நடுப்பகுதியில் ரோமம் பாதி தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு சீசன் வரும் என்று நினைக்கிறேன், அதற்கப்புறம் வாங்கப்போவதும் இதே ரகம்தான். போன மார்ச்சில் உச்சிக்குப் பக்கத்திலிருக்கும் கல் குடிலில் உட்கார்ந்து அதை உரித்தபோது, நான்கு வருடத்துக்கு முன் கேட்ட அதே 'சர்ர்' சத்தம். வெளியே ஆழமான பனி. அன்று ஏறும்போது ஒரு வாய்க்கால்கூடக் கண்ணில் படவில்லை.