வெயில்மேல் பழியைப் போட்டார்கள்: தொட்டிச் செடிகளைப் பராமரிப்புக்கு விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோடையில் ஊரில் இருக்க மாட்டோம், செடிகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, வாராவாரம் படங்கள் அனுப்பி நம்பவைத்து, கடைசியில் "இந்த வெயிலுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரித்த ஒரு பராமரிப்பு நிறுவனத்தால் என் புரோமீலியாட் செடிகளில் (அன்னாசிக் குடும்பத்து அழகுச்செடிகள்) பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவை வெயிலில் சாகவில்லை.

வெயில்பட்ட புரோமீலியாட் எப்படி இருக்கும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். சூரியனைப் பார்த்த பக்கத்தில், இலை வளையும் இடத்தில் முதலில் வெளிறும். பிறகு அந்த இடம் பழுப்பாகிக் காகிதம்போல் காய்ந்துவிடும். நடுக்குருத்து மட்டும் கெட்டியாகவே இருக்கும். அழகு போகும், உயிர் போகாது. என் செடிகளின் வெளி இலைகளிலும் அப்படிப்பட்ட திட்டுகள் இருந்தன. நிழல்வலைக்கு அடியில் இருக்க வேண்டியவற்றை வெட்டவெளி மொட்டைமாடிக்கு நகர்த்தியிருக்கிறார்கள், அதனால் வந்தவை. ஆனால் குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்ததும் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி குழைந்து பழுப்பாகி, அழுகல் நாற்றம் அடித்தது. கிண்ணம்போல் குவிந்திருக்கும் இலையடுக்கின் உள்ளே, தண்ணீர் வற்றிய இடத்தில், வெளிர்பச்சை மாவு படிந்திருந்தது.

அந்த மாவு என்ன என்பதை அவர்கள் கொடுத்த ரசீதே சொல்லிவிட்டது. "நோய்த் தடுப்பு மருந்து" என்று தனியாகப் பணம் வாங்கிய வரியில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்று எழுதியிருக்கிறது. வெயிலில் வைத்ததால் வந்த திட்டுகளைப் பூஞ்சை நோய் என்று எடுத்துக்கொண்டு, தாமிர மருந்தைக் கரைத்துக் கிண்ணம் நிறைய ஊற்றியிருக்கிறார்கள். புரோமீலியாடுக்குத் தாமிரம் நஞ்சு. மற்றச் செடிகள் பெரும்பாலும் வேரால் தண்ணீர் எடுக்கின்றன. கிண்ணம் உள்ள புரோமீலியாட் வகைகளோ தண்ணீரையும் சத்தையும் முக்கியமாக இலையிலுள்ள நுண்ணிய செதில்கள் வழியாகத்தான் உறிஞ்சுகின்றன. வேர் பிடிமானத்துக்கே அதிகம் பயன்படுகிறது. கிண்ணத்தில் விழுவது நேராகச் செடிக்குள் போகும். காசு வாங்கிக்கொண்டு செடி பார்ப்பவர்களுக்கு இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், கேட்காமல் எந்த மருந்தையும் தொட்டிருக்கக் கூடாது. நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் "உரமோ மருந்தோ வேண்டாம், கிண்ணத்தில் நல்ல தண்ணீர் மட்டும்" என்றே இருந்தது.

படங்களின் கதை இதைவிட மோசம். கடைசியாக அனுப்பிய படத்தில் குஸ்மானியா என்ற புரோமீலியாட் வகை சிவந்த பூந்தண்டோடு நிற்கிறது. அது வாடியதால் நான் கிளம்புவதற்கு முன்பே வெட்டி எடுத்த தண்டு! முதல் நாள் பார்வையிட வந்தபோது எடுத்து வைத்த படங்களையே பிரித்துப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் என்று பேசியவர், "பூத்த புரோமீலியாட் எப்படியும் செத்துவிடும் சார்" என்றார். பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் பேச்சு இது. பெரும்பாலான வகைகளில் தாய்ச்செடி ஒருமுறைதான் பூக்கும் என்பது சரி. அதற்குப் பிறகு அது பல மாதங்கள் உயிரோடு நின்று, பக்கக் கன்றுகளை வளர்த்துவிட்டுத்தான் மெல்ல ஓயும். அதோடு, செத்தவற்றில் பாதி இன்னும் பூக்கவே இல்லை.

மற்றத் தொட்டிகளும் தப்பவில்லை. ஃபெர்ன் காய்ந்து சருகானது. ஸ்நேக் பிளான்ட் தொட்டியடித் தட்டில் தேங்கிய தண்ணீரிலேயே நின்று அழுகியது. எதற்கு எவ்வளவு என்று பாராமல், கைக்கு எட்டியதற்கெல்லாம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யாரிடம் ஒப்படைத்தாலும், அனுப்பும் படம் செடியின் நேர்மேலிருந்து, கிண்ணத்துக்குள் தெரியும்படி, அன்றைய தேதி எழுதிய சீட்டோடு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தாமிரம் கலந்த எந்த மருந்தும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் இதில் அடக்கம். கொசுப்புழுவுக்குப் பயந்து கிண்ணத்தில் எண்ணெய் விடுபவர்களும் உண்டு, அதையும் தடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலையில் புதுத் தண்ணீர் நிரப்பினால் போதும். ஏற்கெனவே தாமிரம் பட்டிருந்தால் செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பலமுறை அலசுங்கள். குருத்து ஆடாமல் இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. குருத்து போயிருந்தாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். அடியில் கன்று இருந்தால், தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும்வரை விட்டுவைத்துப் பிரித்து நடலாம். சுவரோரம் இருந்த நியோரெஜீலியா என்ற புரோமீலியாட் வகையில் எனக்கு இப்படி இரண்டு கன்றுகள் மிஞ்சியிருக்கின்றன.

ரசீது, பழைய படங்கள், அழுகிய குருத்தின் படங்கள் எல்லாவற்றையும் வைத்து முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த கோடையில் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நுகர்வோர் புகாருக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.