விண்டோஸ் 10 கணினிகள்: பணம் கட்டி நீட்டிப்பதா, விண்டோஸ் 11-க்கு மாறுவதா?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்னும் அதிலேயே ஓடும் அலுவலகங்களில் நிர்வாகத்தின் முன் வைக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு, அதாவது பணம் கட்டி விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து பெறுவது. நிறுவனங்களுக்கான பட்டியல் விலை முதல் ஆண்டில் கணினிக்கு 61 டாலர். பிறகு 122, அதற்கடுத்து 244. மூன்றாண்டில் 427 டாலர் போய்விடும், 2028 அக்டோபரில் அதுவும் நின்றுவிடும். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுப் பணத்தைக் கட்டியாக வேண்டும். நிதிப் பொறுப்பாளரிடம் 61-ஐ மட்டும் காட்டுவது நியாயமே அல்ல, மொத்தத்தைக் காட்டுங்கள்.

மற்றது, விண்டோஸ் 11. உரிமம் உள்ள கணினியை மாற்றக் கட்டணம் இல்லை. ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஏற்கும். பல கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கணக்கெடுக்காமல் "எல்லாம் புதிதாக வாங்க வேண்டும்" என்று போய் நிற்காதீர்கள். அந்த ஒரு பட்டியலே பட்ஜெட்டைப் பெரிதும் குறைத்துவிடலாம்.

என் பரிந்துரை இரண்டாவதுதான். பழைய மென்பொருளை விட முடியாத ஆய்வக, தொழிற்கூடக் கணினிகளுக்கு மட்டும் நீட்டிப்பு வாங்கலாம், அதுவும் எப்போது மாறுவது என்று தேதி குறித்துவிட்டு.