.22 ரைஃபிளுக்குக் கையைக் கடிக்காத ஸ்கோப்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ரைஃபிளின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். மலிவு விலை ஸ்கோப்பின் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது உருப்பெருக்கம்: 3-9, 4-16, 6-24. .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு வகை) ரைஃபிள் வைத்திருப்பவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் முடிவு. அந்த ஸ்கோப்பின் இடமாறு தோற்றப் பிழையை, அதாவது பாராலாக்ஸை (கண் நகரும்போது குறுக்குக்கம்பி இலக்கின் மேல் நகர்வது போலத் தெரிவதை), எந்தத் தூரத்துக்குச் சரிசெய்து தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. பெட்டியில் அது பொடி எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் இருக்கவே இருக்காது.

என்னுடையது போல்ட் ஆக்‌ஷன் .22 எல்ஆர். சுடுவது காகித இலக்குகளை. 25 மீட்டரும் 50 மீட்டரும் வழக்கம். காற்று அடங்கிய நாட்களில் 100. இந்த ரைஃபிளின் மேல் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பது 2-7×32 அளவுள்ள (2 முதல் 7 மடங்கு பெருக்கம், 32 மி.மீ. முன்லென்ஸ்), ரிம்ஃபயருக்கென்றே செய்யப்பட்ட, விலைப்பட்டியலில் கீழ்வரிசையில் வரும் ஒரு ஸ்கோப். அதற்கு முன் ரைஃபிளுடன் இலவசமாக வந்த ஒல்லிக் குழாய் 4×15 இருந்தது. இடையில் நண்பர் ஒருவர் தன் பெரிய சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்கும் வகை) ரைஃபிளிலிருந்து கழற்றிக் கொடுத்த 3-9×40 ஒரு பருவம் முழுக்க என்னிடம் இருந்தது. மூன்றையும் ஒரே ரைஃபிளில், ஒரே வகைத் தோட்டாவுடன் பயன்படுத்தியதால் வேறுபாடு எங்கே வருகிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நண்பரின் ஸ்கோப் மூன்றிலும் விலை உயர்ந்தது. கண்ணாடியும் நல்ல கண்ணாடி. ஆனால் 25 மீட்டரில் அது என் ரைஃபிளுக்குப் பொருந்தவில்லை. காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரைஃபிளை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் படுக்க வைத்து, குறுக்குக்கம்பியை இலக்கின் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ரைஃபிளைத் தொடாமல், கன்னத்தை ரைஃபிளின் கட்டையில் வைக்காமல், தலையை மட்டும் மெல்ல இடம் வலமாக நகர்த்துங்கள். ரைஃபிள் அசையவே இல்லை. ஆனால் குறுக்குக்கம்பி இலக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கறுப்பு வட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பி இரண்டு வளையம் தள்ளிப் போய் நிற்கும். கண் லென்ஸின் ஓரத்தை எட்டும்போது படம் இருளும், அதுதான் எல்லை.

கணக்கும் எளிதுதான். பெரும்பாலான சென்டர்ஃபயர் ஸ்கோப்புகளை 100 கஜம் அல்லது 150 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். ரிம்ஃபயருக்கானவை 50 அல்லது 60 கஜம். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் வரிசையின் 2-7×32 ரிம்ஃபயர் 50 கஜத்துக்கு வருகிறது. லியூபோல்ட் நிறுவனத்தின் ரிம்ஃபயர் வகைகள் 60 கஜம். மீட்டரிலேயே வைத்துப் பார்ப்போம். 100 மீட்டருக்குச் சரிசெய்த, 40 மி.மீ. முன்லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்குப் போகும்போது வரக்கூடிய அதிகபட்சப் பிழை லென்ஸின் ஆரத்தில் பாதி: 10 மி.மீ. 25 மீட்டரில் அது 15 மி.மீ. 50 மீட்டர் ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். (அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது என்பது வேறு விஷயம், பயிற்சிக்கு அந்தக் காகிதத்தை யாரும் தடுக்கப்போவதில்லை.)

இது அதிகபட்சக் கணக்கு. ஒவ்வொரு முறையும் கன்னத்தைக் கட்டையில் ஒரே இடத்தில் பதிப்பவருக்கு இவ்வளவு பிழை வராது. ஆனால் மலிவு .22 ரைஃபிள்களின் கட்டை, திறந்த குறிக்கம்பியைக் கணக்கில் வைத்துத் தாழ்வாகச் செதுக்கப்பட்டது. ஸ்கோப்பை ஏற்றியதும் கன்னம் பிடிமானம் இழந்து மிதக்கிறது. தலை ஒரே இடத்தில் நிற்பது அந்தக் கட்டையில்தான் கடினம். இடமாறு பிழை தண்டிப்பதும் அதைத்தான்.

இப்போதுள்ள 2-7×32 இந்த வேலைக்கென்றே வந்தது. 50 மீட்டரில் தலையை எப்படி நகர்த்தினாலும் கம்பி கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது போல நிற்கிறது. 25 மீட்டரில் அதிகபட்சம் 8 மி.மீ. இன்னொன்றையும் கவனியுங்கள். முன்லென்ஸ் சிறிதாக இருப்பதே இங்கு நன்மை. ஆரம் குறைந்தால் பிழையும் குறைகிறது. 50 மி.மீ. லென்ஸ் வைத்த ஸ்கோப்பை .22-இன் தலையில் சுமத்துபவர்கள் காசு கொடுத்துப் பிழையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

முன்லென்ஸைச் சுற்றித் திருப்பு வளையம் வைத்து, 10 கஜம் வரை தூரத்தைச் சரிசெய்யக்கூடிய ஸ்கோப்புகளும் உண்டு. ஏஓ என்று அழைப்பது இவற்றைத்தான். 10 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை எல்லாத் தூரத்திலும் சுடுபவருக்கு அதுவே சரியான தேர்வு. வளையத்தில் அச்சடித்த தூர எண்களை மட்டும் நம்ப வேண்டாம். தலையை அசைத்துப் பார்த்து, கம்பி வழுக்குவது நிற்கும் இடத்தில் வளையத்தை நிறுத்தி, அங்கே நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே விலையில் ஏஓ உள்ளதும் இல்லாததும் எதிரெதிரே இருந்தால் நான் இல்லாததையே எடுப்பேன். அந்த வளையத்துக்கான செலவைத் தயாரிப்பாளர் வேறெங்கோ குறைத்திருப்பார். பெரும்பாலும் கண்ணாடியில், அல்லது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில்.

அந்த ஸ்பிரிங் மலிவு ஸ்கோப்பின் உயிர்நாடி. குறுக்குக்கம்பியைத் தாங்கும் உட்குழாயை ஒரு பக்கம் திருகுகள் தள்ள, எதிர்ப்பக்கம் ஸ்பிரிங் பிடித்திருக்கும். ஸ்பிரிங் சோம்பேறியாக இருந்தால், குறியை மாற்றும் குமிழை நீங்கள் எட்டு கிளிக் திருப்பியும் ஒன்றும் நடக்காது. அடுத்த இரண்டு தோட்டா வெடித்த அதிர்வில் எட்டும் சேர்ந்து நகரும். என்னுடைய பழைய 4×15 அப்படித்தான். திருகியபின் காலித் தோட்டாக் கூட்டால் குமிழின் தலையில் இரண்டு தட்டு தட்டினால்தான் அசைந்து கொடுக்கும். இந்த ஒல்லிக் குழாய்க்கு நல்ல பூர்வீகம் உண்டு: பில் வீவர் 1930-இல் கொண்டுவந்த 330 என்ற ஸ்கோப் முக்கால் அங்குலக் குழாயில்தான் சாதாரண ஆட்களின் ரைஃபிளில் ஏறியது. இலவச 4×15-க்கு அந்தக் குழாயின் அளவு மட்டும் வாய்த்திருக்கிறது. குறைந்தது ஒரு அங்குலக் குழாய் உள்ளதாகப் பாருங்கள். உள்ளே பாகங்களுக்கு இடம் வேண்டும்.

கிளிக்கைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் என்றால் 50 மீட்டரில் சுமார் 3.6 மி.மீ.; தோட்டா போடும் ஓட்டையே 5.6 மி.மீ. இருக்கும்போது ஒரு கிளிக்கைக் காகிதத்தில் தேடுவது வீண். இருபது கிளிக்காகத் திருப்புங்கள். இலக்கின் நடுவில் சில குண்டுகள் கொண்ட ஒரு தொகுதி சுட்டபின், இருபது மேலே, இருபது வலம், இருபது கீழே, இருபது இடம் என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு தொகுதி சுட்டுத் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். குறிவைப்பது எப்போதும் அதே நடுப்புள்ளியை. ஒவ்வொரு பக்கமும் 73 மி.மீ. நகர வேண்டும். என் ஸ்கோப்பில் அளவுகோல் வைத்தால் சற்றுக் குறைவாகவே வருகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கடைசித் தொகுதி முதல் தொகுதியின் மேலேயே விழுகிறது. வருடத்துக்கு வருடம் அது மாறவில்லை. குறைவு ஒரே அளவாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். திரும்பி வராத ஸ்கோப்பை என்ன செய்தாலும் பழக்க முடியாது.

சோதனைக்கு முன் தோட்டாவைப் பாருங்கள். ரிம்ஃபயர் ரைஃபிள் தோட்டாவை நோக்கி மூஞ்சி சுளிக்கும் ஜாதி. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா நொடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கிளம்புகிறது. ஹை வெலாசிட்டி 380 மீட்டர் வாக்கில் கிளம்பி, 100 மீட்டருக்குள்ளேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தள்ளாடுகிறது. பெட்டியை மாற்றினாலே குண்டு விழும் இடம் மாறும். ஸ்கோப்பின் மேல் வரும் புகார்களில் பாதி உண்மையில் தோட்டாவின் மேலும், கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணியின் மேலும் வர வேண்டியவை.

இதே காரணத்தால் தூரத்துக்குத் தூரம் கோடு போட்ட பிடிசி வகைக் குறுக்குக்கம்பிகளில் எனக்குப் பெரிய பற்று இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கணக்கிட்டுப் போட்ட கோடுகள் அவை. 50 மீட்டருக்குச் சீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த) .22, 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண், 20 செ.மீ. அளவுக்குக் கீழே விழுகிறது. தோட்டா வகையைப் பொறுத்து அது ஓரிரு விரற்கடை கூடும், குறையும். கோடுகள் சரியாக இருப்பதும் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே. இந்த விலையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்கோப்புகளில் பெருக்கத்தை மாற்றினால் கோட்டின் மதிப்பும் மாறிவிடும். நான் சாதாரண டூப்ளெக்ஸ் கம்பியை வைத்துக்கொண்டு, 100 மீட்டருக்கு இருபத்தெட்டு கிளிக் ஏற்றி, முடிந்ததும் இறக்கிவிடுகிறேன். கிளிக் நம்பகமாக இருப்பதால்தான் அது முடிகிறது.

உருப்பெருக்கத்துக்கு வருகிறேன். 50 மீட்டரில் 7 மடங்குக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. 100 மீட்டரில் ஒன்பதோ பன்னிரண்டோ இருந்தால் நன்றாக இருக்கும். ஓட்டையை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது, இலக்கைப் பார்க்கும் தனித் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் பக்கத்தில் இருக்கிறது. பெருக்கம் ஏற ஏற வெளிவரும் ஒளிக்கற்றை சுருங்குகிறது. 32 மி.மீ. லென்ஸை 7 மடங்கால் வகுத்தால் 4.6 மி.மீ.; 40 மி.மீ. லென்ஸை 12 மடங்கால் வகுத்தால் 3.3. அந்தி மங்கலில் கண்மணி விரியும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மலிவுக் கண்ணாடியில் கடைசி இரண்டு மூன்று மடங்குகள் பெட்டிக்காகச் சேர்த்தவை. படம் பெரிதாகிறது, தெளிவு கூடுவதில்லை. ஒரே தூரத்தில் மட்டும் சுடுபவர் நிலையான 4×32 ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். நகரும் பாகம் குறைவு, அதே காசுக்குக் கண்ணாடி மேல்.

மிச்சப்பட்ட பணத்தை, ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்கும் வளையங்களில் போடுங்கள். .22 ரைஃபிள்களில் பலவற்றுக்கு மேலே 11 மி.மீ. டவ்டெயில் வெட்டு இருக்கும். சிலவற்றுக்கு வீவர் அல்லது பிக்காட்டினி பட்டை. ஒன்றுக்கானது மற்றொன்றில் உட்காராது, வாங்குமுன் அளந்து பாருங்கள். போல்ட் கைப்பிடி இடிக்காத அளவுக்குத் தாழ்வான வளையம் போதும். திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மேல் வளையத்துக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு. முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும். இறுக்கியபின் குழாயும் வளையமும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். இன்றுவரை அந்தப் புள்ளி பிளவுபடவில்லை. ரிம்ஃபயரின் உதைப்பு மென்மையானது என்பதும் இதற்குக் காரணம். அதே ஸ்கோப்பை ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிளில் மாட்டினால் கதை வேறு: அது பின்னோக்கியும் முன்னோக்கியும் உதைக்கும், பெரிய ரைஃபிளைத் தாங்கிய ஸ்கோப்பையே உதிர்த்துவிடும்.

என் ஸ்கோப்பில் குறை இல்லாமல் இல்லை. பெருக்க வளையம் குளிரில் இறுகிக்கொள்கிறது, கையுறையுடன் திருப்ப முடிவதில்லை. 100 மீட்டரில் கம்பியின் தடிமன் குறியின் நடுவை மறைக்கிறது. குமிழின் எண்கள் தேய்ந்து, வெள்ளைப் பூச்சு பாதி போய்விட்டது. படத்தின் ஓரம் முதல் நாளிலிருந்தே மங்கல்தான். ஆனால் உள்ளே பனி படியவில்லை, பனி படியாமலிருக்கக் குழாயில் அடைத்த நைட்ரஜன் இன்னும் வெளியேறவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்கோப் ஒன்று கைக்கு வந்தால் தயங்க வேண்டாம். நிக்கான் ரைஃபிள் ஸ்கோப் தயாரிப்பையே விட்டுவிட்டது. அதன் பழைய புரோஸ்டாஃப் ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குமுன் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. முன்லென்ஸில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் பூச்சின் கீறலும் பூஞ்சையும் தெரியும். பெருக்க வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பும்போது கம்பி குறியை விட்டு விலகுகிறதா என்று கவனியுங்கள். குமிழ்கள் இரண்டும் கடைசிவரை ஓடுகின்றனவா, நடுவில் எங்காவது கிளிக் காணாமல் போகிறதா என்பதையும் விற்பவர் முன்னாலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.