பழைய ராக் ஆர்கன் ஒலிக்கு லேப்டாப்பா, மேடைக் கீபோர்டா?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஜாமிங் ஸ்டுடியோவில் கூடி எழுபதுகளின் ராக் பாடல்களை வாசிக்கிற குழு எங்களுடையது. கீபோர்டு என் பொறுப்பு. ஹாமண்ட் ஆர்கன், டேப்பில் பதிந்த ஒலியை வாசிக்கிற மெலோட்ரான், ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ மூன்றும் வேண்டும். அசல் கருவிகளைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. ஹாமண்ட் பி-3ஐத் தூக்கவே நாலு பேர் வேண்டும். அதோடு, அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்ததை நம்மூர் 50 ஹெர்ட்ஸில் அப்படியே ஓட்டினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். சி கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய ஏ கேட்கும்.

மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, லேப்டாப்பில் கான்டாக்ட் மாதிரி சாம்ப்ளர் மென்பொருள் (பதிவு செய்த ஒலித் துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, கட்டையில் வாசிக்க வைப்பது), கூடவே அதை இயக்க மிடி கீபோர்டு, ஒலியை வெளியே கொண்டுவர ஆடியோ இன்டர்ஃபேஸ். இன்னொன்று, நோர்ட் எலெக்ட்ரோ 6டி என்கிற மேடைக் கீபோர்டு. நான் வாங்கியது இரண்டாவது, ஆகவே என் சாய்வு தெரிந்ததுதான்.

லேப்டாப் ஏற்கெனவே கையில் இருந்தால் அதுதான் மலிவு, பேச்சே இல்லை. ஒலிகளும் அதில்தான் அதிகம். ரோட்ஸுக்கும் அதுவே ஒரு படி மேல், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காகப் பதிவு செய்த பெரிய தொகுப்புகளை வைத்துக்கொள்ளலாம்.

மெலோட்ரானில் இரண்டும் சமம். அந்தக் கருவியே ஒரு டேப் சாம்ப்ளர்தானே! எம்400இல் 35 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் துண்டு. சுமார் எட்டு வினாடியில் டேப் முடிந்து ஒலி நின்றுவிடும். முடிவில்லாமல் லூப் ஆகிற சாம்பிளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த மூச்சுமுட்டல் போய்விட்டால் வெறும் சாதாரண வயலின் ஒலிதான் மிஞ்சும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஹாமண்ட். அதில் கட்டையை அழுத்திய பிறகும் ஒலியை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இடது கை கார்டைப் பிடித்திருக்க, வலது கை ஒன்பது டிராபார்களில் (ஒலியின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் இழுப்பான்கள்) ஒன்றை மெல்ல இழுக்கும். அப்புறம் லெஸ்லி, ஆர்கனோடு இணைக்கிற சுழலும் ஸ்பீக்கர் பெட்டி. மேலே சுழலும் ஹார்ன், கீழே சுழலும் டிரம், இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். சுவிட்சைத் தட்டினால் ஹார்ன் சட்டென வேகம் எடுக்கும். டிரம் கனம், சீலிங் ஃபேன் மாதிரி சில வினாடி எடுத்துக்கொண்டுதான் வேகத்துக்கு வரும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற அந்த இடைவெளியில்தான் கேட்பவருக்குச் சிலிர்க்கிறது.

லெஸ்லியோடு சேர்த்தே பதிவு செய்த சாம்பிளில் இது வராது. மெதுவான பதிவிலிருந்து வேகமான பதிவுக்கு ஒலி மங்கி மாறும், அவ்வளவுதான். அதைவிட மோசம், ஒவ்வொரு கட்டையும் தன் சுழற்சியைத் தனியாகத் தொடங்கும். மூன்று சுர கார்டு பிடித்தால் மூன்று லெஸ்லிகள் ஆளுக்கொரு பக்கம் சுற்றும்! நோர்டில் ஆர்கனும் லெஸ்லியும் கணக்கிட்டு உருவாக்கப்படுபவை, சாம்பிள் அல்ல. எத்தனை கட்டை அழுத்தினாலும் சுற்றுவது ஒரே லெஸ்லி. 6டியில் இழுத்துப் பிடிக்க நிஜமான டிராபார்களும் உண்டு.

லேப்டாப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அர்டூரியா, ஐகே மல்டிமீடியா இவர்களின் ஆர்கன் மென்பொருள்களும் இப்படிக் கணக்கிடுபவைதான், மேற்சொன்ன குறை அவற்றில் இல்லை. ஆனால் ஒன்பது ஸ்லைடர் உள்ள கன்ட்ரோலர் தனியாக வாங்க வேண்டும். லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிற பஃபரை 256இல் வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் அதுவே கிட்டத்தட்ட ஆறு மில்லிவினாடித் தாமதம், இன்டர்ஃபேஸின் தாமதம் அதற்கு மேல். வேகமான சோலோவில் விரலுக்குத் தெரிகிறது. வீட்டில் ரெக்கார்டிங் மட்டும் என்றால் இதெல்லாம் பொருட்டே இல்லை, லேப்டாப்பே போதும்.

டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் ஹாமண்டை மார்ஷல் ஆம்பில் சொருகி வாங்கிய அந்தக் கரகரப்புக்கு, எந்த வழியானாலும் நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பழைய மின் கீபோர்டான கிளாவினெட்டை நான் மேடையில் அதிகம் தொட்டதில்லை, அதில் என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

செக்கண்ட் ஹேண்டில் 6டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு கார்டைப் பிடித்தபடி ஒவ்வொரு டிராபாரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒலி சீராக ஏறாமல் எங்காவது தாவினால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.