டப்பாவில் வரும் மசித்த உருளைக்கிழங்கு: ராத்திரிக்குச் சுமார், மறுநாள் காலைக்கு நல்ல சரக்கு

பேரங்காடியில் சாசேஜ், சீஸ் அடுக்கியிருக்கும் குளிர்ப் பகுதியில் மசித்த உருளைக்கிழங்கு டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சுடவைத்தால் போதும், சிக்கன் சாப்புக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று படம் போட்டிருப்பார்கள். பிராண்டைச் சொல்லவில்லை, திட்டவும் கொஞ்சம் இருக்கிறது; தவிர இந்த வகை டப்பாக்கள் ருசியில் பெரிதாக வேறுபடுவதில்லை. விலை ஐந்து வெள்ளியை ஒட்டி. என் மாமியார் முதல் தடவை பார்த்ததுமே, "நாலு கிழங்கைக் குக்கர்ல போட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் அஞ்சு வெள்ளியாம்மா?" என்றார். "அத்தை, தோலுரிக்கிற வேலை மிச்சம் பாருங்க" என்று சொல்லி வைத்தேன், அவர் ஒன்றும் மசியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் சொன்னதுதான் சரி. இயந்திரத்தில் அரைத்துப் பிசைந்ததால் வழவழவென்று, கட்டியே இல்லாமல், கொஞ்சம் பசை மாதிரி இருக்கிறது. கிழங்கை அளவுக்கு மீறி அடித்தால் செல்கள் உடைந்து உள்ளேயிருக்கும் ஸ்டார்ச் வெளியே வந்துவிடும், அதனால்தான் வீட்டில்கூட மிக்ஸியில் போட்டு மசிக்கக் கூடாது என்பார்கள். உப்பும் தூக்கல். ஆனால் தட்டில் குறையாகத் தெரியும் இந்த வழவழப்புத்தான் மாவோடு சேரும்போது பெரிய வசதி. நான் இதை மறுபடி மறுபடி வாங்குவது ராத்திரிச் சாப்பாட்டுக்காக இல்லை, மீந்துபோவதற்காக.

முதலில் சப்பாத்தி, ஏனென்றால் இதில்தான் பலன் உடனே தெரியும். உள்ளே வைத்து ஆலு பரோட்டா செய்யப் பார்க்காதீர்கள், பாலும் வெண்ணெயும் கலந்த மசியல் இளகலாக இருக்கும், தேய்க்கும்போது பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பதிலாக மாவிலேயே பிசைந்துவிடுங்கள். இரண்டு கப் ஆட்டாவுக்கு ஒரு கப் மசியல், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லித் தழை, அவ்வளவுதான், உப்பு போட வேண்டாம். தண்ணீர் தேவையே படாது, உருளைக்கிழங்கில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர்தானே. பிசைந்ததும் கால் மணி நேரத்துக்குள் தேய்த்துச் சுட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவு நீர்விட்டு இளகி மணைக்கட்டையில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். ஆறு மணிக்குச் சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் பள்ளிக்கூட இடைவேளையிலும் வரட்டி ஆகாமல் மெத்தென்று இருக்கிறது, பிள்ளை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு வருகிறான். வெந்த கிழங்கின் ஸ்டார்ச் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வரும் மென்மை இது.

மசாலா தோசைக்கு வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், மஞ்சள் எல்லாம் போட்டு வதக்கினாலும் வெண்ணெய் வாசம் போகாது, அந்த மசாலாவுக்கு அங்கங்கே கட்டி கட்டியாக கிழங்கு தட்டுப்பட வேண்டும், இது குழந்தைச் சோறு மாதிரி ஆகிவிடும். புளித்துப்போன தோசை மாவில் ஒரு கரண்டி அடித்துக் கலந்து கனமாக ஊத்தப்பம் ஊற்றலாம், புளிப்பு அடங்கும், அது பரவாயில்லை.

பெகெடில் பற்றிக் கேட்பீர்கள். மீ சோத்தோ நூடுல்ஸ் சூப்பில் மிதக்கும் அந்த மலாய்க் கிழங்கு உருண்டை யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் அதை முறையாகச் செய்பவர்கள் கிழங்கை வேகவைப்பதில்லை, துண்டு போட்டுப் பொரித்து எடுத்து இடிப்பார்கள், அதனால் ஈரம் குறைவு. டப்பா மசியலில் நேரே உருட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். அகலமான சட்டியில் சிறு தீயில் கிளறி ஈரத்தை வற்றவிட்டு, பொரித்த வெங்காயமும் செலரி இலையும் சேர்த்து, ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்து, காலையில் முட்டையில் தோய்த்துப் பொரித்தால் உருண்டை நிற்கிறது. ஆறும்போது ஸ்டார்ச் மறுபடி இறுகும் என்பதுதான் இதில் உதவி, சூடாக இருக்கும் மசியலில் இந்தக் காரியம் நடக்காது. இவ்வளவு பாடுபடுவதற்குக் கிழங்கையே வாங்கிப் பொரித்துவிடலாம் என்பது என் கட்சி.

வாஃபிள் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வழி: மசியல், முட்டை, துருவிய சீஸ், கொஞ்சம் மாவு, வெங்காயத்தாள். நன்றாகச் சிவக்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள், அவசரப்பட்டால் இரண்டாகப் பிளந்து மேலே பாதி கீழே பாதி ஒட்டிக்கொள்ளும். பேட்டைக் கடையில் விற்கும் பாண்டான் வாஃபிள் மாதிரி மொறுமொறுப்பு வராது, ஓரம் மட்டும் மொறுமொறு, நடுவில் மெத்து. சில்லி சாஸ் தொட்டால் நன்றாக இருக்கிறது.

உண்மையிலேயே காசுக்கு மதிப்பு கிடைப்பது ரொட்டியில்தான். 500 கிராம் ரொட்டி மாவுக்கு 200 கிராம் மசியல், வழக்கமாக ஊற்றும் பாலில் பாதியோடு நிறுத்திவிட்டு மாவின் பதத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், வெண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அதையும் கொஞ்சம் குறைக்கலாம். ஹொக்கைடோ பால் ரொட்டிக்கு மாவையும் தண்ணீரையும் 65 டிகிரி வரை காய்ச்சிக் கூழாக்கிச் சேர்ப்பார்களே, தாங்ஸோங் என்று, அந்த வேலையைத்தான் இங்கே வெந்த கிழங்கு செய்கிறது, தனியாகக் கூழ் காய்ச்ச வேண்டியதில்லை. ஈஸ்ட்டும் உருளைக்கிழங்கோடு நன்றாக ஒத்துப்போகும், நம் ஊர் வெக்கையும் சேர்ந்துகொண்டால் மாவு நினைத்ததைவிடச் சீக்கிரம் எழும்பி நிற்கும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். கையில் ஒட்டும், ஒட்டட்டும், மேலே மாவைத் தூவிக்கொண்டே போனால் ரொட்டி கனத்துவிடும். இரண்டாம் நாளும் வறண்டு போகாமல் இருக்கிறது. காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவ வேண்டுமென்றால் கனமாக வெட்டி, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைத்துச் சாப்பிடுங்கள். கோப்பிக்கடை பாணியில் மெல்லியதாக வெட்டி வாட்டினால் இது மொறுமொறுப்பாகாது.

இனிப்புப் பக்கம் போகும்போதுதான் டப்பாவோடு எனக்குச் சண்டை. உருளைக்கிழங்கு சேர்த்த டோனட் புதிதல்ல, அமெரிக்காவில் 1940இல் ஆரம்பித்த ஸ்பட்நட் கடைகள் அதை வைத்தே பேர் வாங்கின. இங்கேயும் கெரியா, ஓண்டே ஓண்டே என்ற மலாய்ப் பலகாரங்கள் எல்லாம் வற்றாளைக் கிழங்கு சேர்த்துச் செய்வதுதானே, ஆக கிழங்கு டோனட் நமக்கு அந்நியமில்லை. ஆனால் இந்த டப்பாவில் வெள்ளை மிளகு போட்டிருக்கிறார்கள், அதை முன்பக்கத்தில் எழுதாமல் பின்னால் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சீனி தூவிய டோனட்டைக் கடித்த பிறகு தொண்டையில் லேசாகக் காரம் ஏறுவது நன்றாகவா இருக்கும்? சாக்லேட் கேக்கில் கோக்கோ அதை ஓரளவு அமுக்கிவிடும், வெனிலா கேக்குக்குக் கண்டிப்பாக ஒத்துவராது. பூண்டு போட்ட வகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சப்பாத்திக்கும் வாஃபிளுக்கும் மட்டும் சரி.

இன்னொரு குறை, டப்பாவின் அளவு. நாலு பேர் வீட்டுக்கே டப்பா பெரிது, திறந்தால் மூன்று நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. அதனால் திறந்த உடனே, சுடவைப்பதற்கு முன்பே, ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மேசையில் மணிக்கணக்காகக் கிடந்ததை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் அது ஆபத்து. விருந்துக்கு கேட்டரிங்கில் வந்து மீந்த மசியலையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், அதை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லி நேரம் ஒட்டித்தானே அனுப்புகிறார்கள். உறைய வைக்கலாம், ஜிப் பையில் போட்டுத் தட்டையாக அமுக்கி வைத்தால் வேண்டியதை உடைத்து எடுக்க வசதி. உருகும்போது கொஞ்சம் தண்ணீர் பிரியும், ரொட்டிக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

முழு விலைக்கு வாங்க வேண்டுமா என்றால், வேலைக்குப் போகிறவர்கள் வாங்கலாம், நேரம் இருப்பவர்கள் கிழங்கே வாங்கலாம், அதில் மிளகும் இருக்காது. காலாவதி நெருங்கி விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் மட்டும் யோசிக்காமல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அன்றைக்கு, ஒன்று நேராக உறைபெட்டிக்கு.