டேட்டா மீட்டுத் தர்றோம்னு 18,500 ரூபாய் வாங்கிட்டு டிஸ்க்கையே நாசம் பண்ணிட்டாங்க

கை இன்னும் நடுங்குது. காலையிலதான் முடிவு தெரிஞ்சது.

அப்பா வீட்ல பாடின தேவாரம், 42 கேசட். பூஞ்சை பிடிக்குதேன்னு 2016-ல எல்லாத்தையும் எம்பி3 ஆக்கி ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டேன். கேசட்டைத் தூக்கிப் போட்டாச்சு. அப்பாவும் இப்போ இல்லை. போன மாசம் சொருகினா டிக், டிக்னு சத்தம். டிரைவே காட்டலை.

சென்னையில ஒரு மாடிக் கடை. "ஹெட் (டிஸ்க்ல டேட்டாவைப் படிக்கிற முனை) போயிருக்கு சார், எங்ககிட்ட க்ளீன் ரூம் (டிஸ்க்கைப் பிரிக்கிறதுக்கான தூசியில்லாத அறை) இருக்கு. அப்பா குரல்னு சொல்றீங்க, எங்கப்பாவுக்குச் செய்யுற மாதிரி செய்யுறேன்"னார். அந்த வார்த்தையிலதான் விழுந்தேன். க்ளீன் ரூமைக் காட்டுங்கன்னு கேட்கவே தோணலை. மாற்று ஹெட்டுக்குன்னு 6,000 அட்வான்ஸ். எந்த ஃபைல் வேணும்னு ஸ்லிப்ல எழுதச் சொன்னார். 'அப்பா தேவாரம்'னு எழுதினேன்.

எட்டாம் நாள் வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட், 'அப்பா தேவாரம்' ஃபோல்டர். அழுதுட்டேன். மீதி 12,500-ஐ அந்த நிமிஷமே அனுப்பினேன். பென் டிரைவ் வந்தது. அத்தனை ஃபைலும் 0 கேபி! அப்புறம்தான் உறைச்சது, என் டிஸ்க்ல ஃபோல்டர் பேரு 'பழைய கேசட்'. ஸ்லிப்பைப் பார்த்து அவங்களே ஒண்ணு செஞ்சிருக்காங்க.

போன் பண்ணா "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்". அடுத்த வாரம் "உங்க டிஸ்க் வரும்போதே செத்துதான் வந்துச்சு". நேர்ல போனா, ஸ்லிப்புக்குப் பின்னாடி இருக்கிற 'பொறுப்பல்ல' வரியைக் காட்டுறாங்க. இப்போ நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 18,500 ரூபாய்!

இன்னைக்கு வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன். மூடியில ரெண்டு ஸ்க்ரூ இல்லை. உள்ளே தட்டைச் சுத்தி வட்டமா ஒரு கீறல், பக்கத்துலயே கட்டைவிரல் ரேகை. திறந்த மேஜையில வெச்சுப் பிரிச்சிருக்காங்க. இனி யாராலயும் எடுக்க முடியாதுன்னுட்டார்.

நிறைய சொல்லணும்னு உட்கார்ந்தேன், முடியலை. டிக் டிக்னு கேட்டா உடனே கழட்டுங்க, திரும்பத் திரும்பச் சொருகாதீங்க, ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டாதீங்க. ஃபைல் திறந்து ஓடுறதைக் கண்ணால பார்க்காம மீதிப் பணம் கொடுக்காதீங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல மட்டும் இருந்தா அது பேக்கப் இல்லை. மூணு பிரதி வேணும், அதுல ஒண்ணு வேற வீட்ல.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915-ல புகார் கொடுத்துட்டேன். அக்கா வீட்டுப் பரண்ல ரெண்டு கேசட் கிடக்கலாம்னு சொல்றா. நாளைக்கு அங்கதான் போறேன்.