சொல்லுக்குள் ஓர் அலை: ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்றின் மதிப்புரை

வெள்ளச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தபோது, ஆங்கிலத்தின் ‘இனண்டேட்’ என்ற வினைக்கு ‘நீரில் மூழ்கின’ என்று எழுதினேன். ஆனால் அது ‘ஃப்ளட்’ என்பதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்ற ஐயம் தீரவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளவே டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய ‘ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி’யைத் திறந்தேன். கட்டணமின்றிக் கிடைக்கும் அந்த அகராதியை இன்று நாள்தோறும் பயன்படுத்துகிறேன்.

‘இனண்டேட்’ என்பது ‘இனுந்தாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதனுள் இருக்கும் ‘உந்தா’ என்பதற்கு அலை என்று பொருள். ‘ஃப்ளட்’ பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய சொல், ஓட்டத்தைக் குறிக்கும் ‘ஃப்ளோ’வுக்கு உறவு. பெருவெள்ளத்தைக் குறிக்கும், பிரெஞ்சு வழியாக வந்த ‘டெல்யூஜ்’ஜோ கழுவிக்கொண்டு போவதைச் சொல்லும் லத்தீன் வினையில் பிறந்தது.

என்னை வியப்பில் ஆழ்த்தியது ‘சரவுண்ட்’. சுற்றி வளைப்பதைக் குறிக்கும் இச்சொல்லுக்கும் வட்டத்துக்கும் பிறப்பால் தொடர்பே இல்லை. மேலே வழிந்து பெருகுவதைக் குறித்த லத்தீன் ‘சுப்பெருந்தாரே’தான் அதன் மூலம். 15ஆம் நூற்றாண்டில் வெள்ளப்பெருக்கையே குறித்த சொல், ‘ரவுண்ட்’ என்ற ஒலியின் ஈர்ப்பால் 17ஆம் நூற்றாண்டில் பொருள் மாறியது. மிகுதியைச் சொல்லும் ‘அபண்டன்ட்’டும் இதே அலையின் வழிவந்ததுதான். சங்கத் தமிழில் ‘வெள்ளம்’ ஒரு பேரெண்ணின் பெயராக வருவதை அறிந்தவர்களுக்கு, பெருகும் நீர் மிகுதிக்குப் பெயரானது புதிதாகத் தோன்றாது.

‘உந்தா’வைத் தொடர்ந்தால் பல ஐரோப்பிய மொழிகளுக்கும் வடமொழிக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியில் நீரைக் குறிக்கும் வேர் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறோம். வாட்டர், ஹைட்ரஜன், வோட்கா, நீர்நாயைக் குறிக்கும் ‘ஆட்டர்’ ஆகிய அனைத்தும் அந்த வேரில் கிளைத்தவை. நம் சடங்குகளில் ஒலிக்கும் ‘உதகம்’ என்ற வடசொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்த உறவுகளைப் பின்தொடர வழி செய்திருப்பதே இவ்வகராதியின் பெருஞ்சிறப்பு என்பேன்.

குறை என்றால், பழைய வாக்கியங்களை மேற்கோளாகக் காட்டுவது இதில் குறைவு. ‘சரவுண்ட்’ பொருள் மாறிய விதத்தை வாக்கியம் வாக்கியமாகப் பார்க்க விரும்புவோர் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத்தான் நாட வேண்டும். மேலும், ஒரு சொல்லுக்கு எதிரே தரப்படும் ஆண்டு, அது எழுத்தில் முதலில் கிடைத்த காலமே தவிரப் பிறந்த காலம் அன்று.

என் மொழிபெயர்ப்பில் ‘வயல்கள் நீரில் மூழ்கின’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘வயல்களுக்குள் வெள்ளம் புகுந்து பரவியது’ என்று திருத்தினேன்.